மலைப்பாதையில் பழைய இழுவண்டி: அதன் விளக்குகளையும் சாதனங்களையும் செப்பனிடும் முறை

சேலம் நகருக்கு வடகிழக்கே உயர்ந்து நிற்கும் சேர்வராயன் மலைத்தொடரில், கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 1,515 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. ஏரியும் காடும் ஒருங்கே அமைந்தமையால் இப்பெயர் பெற்றதென்பர். 1820ஆம் ஆண்டுகளில் சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பிப் பயிரை நடச் செய்தார். அன்று முதல் தோட்ட முதலாளிகளும், தொழிலாளரும், கோடையின் வெப்பத்துக்கு அஞ்சியவர்களும் இம்மலையை நாடி ஏறி வருகின்றனர். சேலத்தினின்று செல்லும் மலைப்பாதை 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் ஏறுகின்றது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இம்மலையை நனைக்கின்றன; மழை ஓய்ந்த நாட்களிலும் மூடுபனி வந்து பாதையை மறைத்துவிடுகின்றது.

இத்தகைய பாதையில் ஒரு மோட்டார் வண்டி, தன் பின்னே மற்றொரு வண்டியை இழுத்துக்கொண்டு செல்லுமாயின், பின்வண்டியின் விளக்குகள் எந்நிலையில் இருத்தல் வேண்டும்? பழுதுற்ற விளக்குகளை எம்முறையால் செப்பனிடலாம்? பௌதிக வகுப்பில் நாம் கற்ற ஓம் விதியைக்கொண்டே இவ்வினாக்களுக்கு விடை காணலாம் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இழுவண்டி இன்னதென்பது

மோட்டார் காரின் பின்புறக் கொக்கியில் பூட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு வீட்டை ஆங்கிலேயர் காரவான் என்றும், அமெரிக்கர் டிராவல் டிரெயிலர் என்றும் வழங்குவர். நாம் இதனை இழுவண்டி என்போம். ஸ்காட்லாந்து தேசத்தவராகிய கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் வைத்தியர், 1885ஆம் ஆண்டில் 'வாண்டரர்' என்னும் குதிரை வண்டி வீட்டில் உல்லாசப் பிரயாணம் செய்தார். அமெரிக்காவில் வாலி பயம் என்பவர் 1936ஆம் ஆண்டில் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்னும் அலுமினிய இழுவண்டியை வெளியிட்டார். கேரள அரசாங்கம் 2021ஆம் ஆண்டில் காரவான் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வகுத்தது.

நம் நாட்டில் உல்லாச இழுவண்டிகள் மிகச் சிலவே. ஆயினும் டிராக்டருக்குப் பின் கரும்பும் நெல்லும் ஏற்றிச் செல்லும் இழுவண்டிகள் கிராமந்தோறும் உள்ளன. அவற்றுள் விளக்கின்றி இருளிற் செல்வனவும் உண்டு. ஆகவே ஈண்டுக் கூறப்படும் பாடம் அவற்றுக்கும் பொருந்தும்.

மலைத்தோட்டத்துக் கொட்டகை ஒன்றில் பல மழைக்காலங்களைக் கழித்த பழைய இழுவண்டி ஒன்றை நாம் மனத்திற் கொள்வோம். சக்கரங்கள் சுழல்கின்றன, கூரை ஒழுகவில்லை. ஆனால் பின்விளக்குகளில் ஒன்று மங்கி எரிகின்றது. மற்றொன்று எரிவதும் அணைவதுமாக உள்ளது. உடையவர் கடைத்தெருவுக்குச் சென்று புதிய எல்.இ.டி. விளக்குகளை வாங்கிப் பூட்டிவிட எண்ணுகிறார். அவ்வெண்ணம் சரியா என்று ஆராய்வோம்.

2. விளக்கு எவருக்காக?

காரின் முன்விளக்கு அதனை ஓட்டுபவருக்கு வழி காட்டுகின்றது. அது அணைந்தால் அவரே உடனே உணர்வார். இழுவண்டியின் பின்விளக்கோ பின்னே வருபவருக்கு உரியது. இழுவண்டியின் உடல் காரின் பின்விளக்குகளை முழுதும் மறைத்து நிற்பதனால், அதன் சொந்த விளக்குகளே காரின் கருத்தைப் பின்னே அறிவிக்க வேண்டும். அவை அணைந்தாலும் ஓட்டுபவர் அறியமாட்டார். அபாயம் ஒருவருக்கு, அதனைத் தடுக்கும் பொறுப்பு மற்றொருவருக்கு.

இதனைக் கணக்கிட்டுக் காண்போம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வருகின்றதெனக் கொள்க. அஃதாவது ஒரு விநாடிக்கு 10 மீட்டர். அபாயத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துதற்கு ஒரு விநாடி ஆகுமாயின், அதற்குள் 10 மீட்டர் கடந்துவிடும். ஈரமான சாலையில் வேகம் விநாடிக்கு விநாடி 4 மீட்டர் வீதம் குறையுமெனின், வண்டி நிற்க மேலும் 12.5 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 22.5 மீட்டர். கொண்டையூசி வளைவில் இழுவண்டியோடு செல்லும் கார் நடைவேகத்துக்குக் குறைந்துவிடும். அதன் பின்விளக்கு மூடுபனியினூடே 20 மீட்டருக்குள்தான் புலப்படுமாயின், மோட்டார் சைக்கிளில் வருபவர் மோதாமல் தப்புவது அரிது. விளக்கு தெளிவாயிருந்து 40 மீட்டரில் புலப்படுமாயின், அவர் அச்சமின்றி நிறுத்துவார். ஒரு விளக்கின் களிம்பு நீக்கப்பட்டதா இல்லையா என்பதில் ஓர் உயிர் அடங்கியிருத்தல் கூடும்.

சிவப்பு ஒளி பனியை எளிதில் ஊடுருவும் என்னும் ஓர் எண்ணம் பலரிடம் உண்டு. மிக நுண்ணிய துகள்களில்தான் நீல ஒளி மிகுதியாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் சிதறும். மூடுபனியின் நீர்த்துளிகளோ ஒளியலைகளைவிடப் பன்மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறச் செய்கின்றன. ஆகவே நிறத்தை நம்பி மங்கிய விளக்கோடு செல்லலாகாது. பனியில் விளக்கின் பிரகாசமும், கண்ணாடியின் தூய்மையுமே உதவும்.

3. பழுதின் மூலம்

மின்சாரம் மின்கலத்தினின்று புறப்பட்டு, விளக்கை அடைந்து, மீண்டும் மின்கலத்துக்கே திரும்ப வேண்டும். போகும் வழியைப் பலரும் ஆராய்வர். திரும்பும் வழியை மறந்துவிடுவர். பழைய இழுவண்டிகளில் திரும்பும் வழியாக, அஃதாவது எர்த்தாக, வண்டியின் இரும்புச் சட்டமும் அலுமினிய உடலுமே பயன்பட்டன. அலுமினியமும் இரும்பும் செம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், அவற்றினிடையே ஒரு சிறு மின்கலமே உண்டாகி, உலோகத்தை அரித்துவிடும். மலையின் ஈரக்காற்றில் பல ஆண்டு நின்ற வண்டியில் இவ்வரிப்பு மிகுதி. ஆகையால் இழுவண்டி விளக்குகளின் கோளாறுகளை ஆராயும்போது முதலிற் காணவேண்டியது எர்த்தே.

இதனை அறிதற்கு ஓர் அடையாளம் உண்டு. இடப்பக்கத் திரும்பு விளக்கைப் போட்டால் பின்விளக்கும் உடன் மினுக்குகின்றதா? பிரேக்கை அழுத்தினால் பின்விளக்கு மங்குகின்றதா? அவ்வாறாயின், தன் வழியே திரும்பமுடியாத மின்சாரம் அடுத்த பல்பின் இழையினூடே வழி தேடுகின்றதென்று அறிக. பல்புகளை எத்துணை முறை மாற்றினும் இந்நோய் தீராது.

இனிச் சோதிக்கும் முறை. மல்டிமீட்டர் என்னும் அளவுகருவியை வெறும் பல்ப் தாங்கியில் வைத்துப் பார்த்தால், கெட்ட இணைப்பினூடேயும் அது 12 வோல்ட் காட்டிவிடும். ஏனெனில் அக்கருவி எடுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது; அத்துணைச் சிறிய ஓட்டத்தைத் துருவேறிய இணைப்பும் தடுப்பதில்லை. ஆதலால் பல்பை இட்டு, எரியவிட்டு, அந்நிலையிலேயே சோதிக்க வேண்டும். கருவியின் ஒரு முனையை மின்கலத்தின் எதிர்முனையிலும், மற்றொன்றைப் பல்ப் தாங்கியின் எர்த்திலும் வைக்க. கால் வோல்ட்டுக்கு மேற்காட்டினால் திரும்பும் வழியில் தடை உண்டென்பது தெளிவு. அங்கிருந்து இணைப்பு இணைப்பாக முன்னோக்கி வந்தால், எவ்விடத்தில் அளவு திடீரெனக் குறைகின்றதோ அவ்விடமே பழுதுற்ற இடம்.

எர்த் இணைப்பில் ஓர் ஓம் தடை ஏற்பட்டதெனக் கொள்வோம். 21 வாட் பிரேக் பல்புகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 3.4 ஓம் தடையுடையவை. 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9.3 வோல்ட்டே பல்புகளுக்குக் கிடைக்கும். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைக் காட்டிலும் மிக விரைவாகக் குறைவது. ஆதலின் ஒளி ஐந்தில் இரண்டு பங்காகத் தாழ்ந்துவிடும். ஓர் ஓம் என்பது எண்ணளவில் சிறிது. மலைப்பாதையில் அது பெரிது.

4. கம்பியும் இணைப்பும்

இணைப்புகள் யாவும் நன்றாயிருந்தும் விளக்கு மங்கலாக எரிந்தால், கம்பியின் பருமனை நோக்குக. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.017 ஓம் தடை உண்டு. காரின் மின்கலத்தினின்று இழுவண்டியின் கடைக்கோடி வரை 10 மீட்டர் எனின், போக்கும் வரவும் சேர்ந்து 0.34 ஓம் ஆகும். இரண்டு பிரேக் பல்புகளும் எரியும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே வீணாகி, ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இட்டால் இந்நட்டத்தில் பெரும்பகுதி நீங்கும். பிளக்கிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் கம்பி கொண்டுசெல்வதே சிறந்தது. வண்டியின் உடலை நம்பவேண்டா.

ஐரோப்பிய வழக்கில் அமைந்த ஏழு முனைப் பிளக்கில் 3ஆம் முனை எர்த். அதன் கம்பி வெண்மை. 1ஆம் முனை இடப்பக்கத் திரும்பு விளக்கு, மஞ்சள். 4ஆம் முனை வலப்பக்கத் திரும்பு விளக்கு, பச்சை. 5ஆம் முனை வலப் பின்விளக்கு, பழுப்பு. 7ஆம் முனை இடப் பின்விளக்கு, கறுப்பு. 6ஆம் முனை பிரேக் விளக்கு, சிவப்பு. 2ஆம் முனை பனி விளக்கு, நீலம். அமெரிக்க வண்டிகளின் ஒழுங்கு வேறு. அவற்றுட் பலவற்றில் பிரேக் விளக்கும் திரும்பு விளக்கும் ஒரே சிவப்புப் பல்பாகவே அமைந்திருக்கும். நம் நாட்டிலோ திரும்பு விளக்கு தனியாகவும் செம்மஞ்சள் நிறத்திலும் இருத்தல் வேண்டும். மேலும், முன்பு பழுது பார்த்தவர் கைக்குக் கிடைத்த நிறக் கம்பியை இட்டிருக்கவும் கூடும். ஆகவே நிறத்தை நம்பாது ஒவ்வொரு கம்பியையும் சோதித்து, சீட்டுக் கட்டி, ஒரு காகிதத்தில் படம் வரைந்துகொண்ட பின்னரே கத்தரியைக் கையில் எடுக்க வேண்டும்.

கம்பிகளை முறுக்கி மேலே டேப் சுற்றிவிடுதல் நம் பட்டறைகளிற் பெருவழக்கு. மலையின் ஈரத்தில் டேப்பின் பசை விரைவில் நெகிழும். உள்ளே புகுந்த நீர் வெளிவர வழியின்றி நின்று செம்பைக் களிம்பாக்கும். உரிய முனைகளை அழுத்திப் பொருத்தி, வெப்பத்தாற் சுருங்கும் குழாயை மேலே போர்த்துதல் வேண்டும். கம்பி ஆடாதபடி அடிக்கடி பிணைத்து வைத்தலும் அவசியம்.

5. எல்.இ.டி. விளக்கின் நன்மையும் எச்சரிக்கையும்

நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டதற்காக அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவர்க்கு 2014ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அதன் பயனாகவே வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள் உலகெங்கும் பரவின. இழுவண்டிக்கு இவ்விளக்கினால் விளையும் நன்மைகள் பல. மின்னோட்டம் குறைவு, ஆயுள் நீண்டது, அதிர்ச்சியால் அறுந்துபோகும் இழை இல்லை. இழை விளக்கு முழு ஒளி பெற ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி ஆகும்; எல்.இ.டி. கணத்தில் ஒளிரும். மேலே கூறிய மோட்டார் சைக்கிள் ஐந்தில் ஒரு விநாடியில் 2 மீட்டர் ஓடும் என்பதை நினைவு கூர்க.

ஆயினும் மூன்று எச்சரிக்கைகள் உள. முதலாவது, சிவப்புக் கண்ணாடியின் பின்னே வெள்ளை எல்.இ.டி. பல்பை வைத்தலாகாது. வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் சிவப்புப் பகுதி குறைவு. ஆகையால் கண்ணாடி பெரும்பகுதி ஒளியை விழுங்கிவிடும். சிவப்புக்குச் சிவப்பும், செம்மஞ்சளுக்குச் செம்மஞ்சளுமே இட வேண்டும். இரண்டாவது, திரும்பு விளக்கை மினுக்கச் செய்யும் பழைய ரிலே, மின்னோட்டம் குறைந்தால் பல்ப் கெட்டதென்று கொண்டு மிக விரைவாக மினுக்கும். எல்.இ.டி.க்கு உரிய ரிலேயை மாற்றி வைப்பதால் இது தீரும்.

மூன்றாவது எச்சரிக்கையே முக்கியமானது. எல்.இ.டி. எடுக்கும் ஓட்டம் சிறிதாதலால், கெட்ட எர்த்தின் வழியிலும் அது நன்றாகவே எரியும். பழைய பல்ப் மங்கி எரிந்து பழுதை அறிவித்துக்கொண்டிருந்தது. புதிய விளக்கு அப்பழுதை மறைத்துவிடுகின்றது. களிம்பு உள்ளே வளர்ந்துகொண்டே வந்து, ஒரு நாள் வளைவின் அதிர்ச்சியில் இணைப்பு முற்றும் அறும்போது, முன்னறிவிப்பின்றி இருபுறமும் இருண்டுவிடும். ஆகவே கம்பியையும் எர்த்தையும் பழைய பல்புகளைக்கொண்டே சோதித்துத் திருத்துக. அப்பல்புகள் முழு ஒளியோடு எரிந்த பின்னரே எல்.இ.டி.யைப் பூட்டுக. உடையவரின் எண்ணம் தவறன்று. அதன் வரிசைதான் தவறு.

மின்சாரம் முற்றும் நின்றாலும் உதவுவது ஒளி திருப்பும் சிவப்பு வில்லை. வருபவரின் விளக்கொளியை அவரிடமே திருப்பி அனுப்பும் இக்கருத்தைக்கொண்டே, 1934ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெர்ஸி ஷா என்பவர் சாலையிற் பதிக்கும் 'பூனைக் கண்' வில்லைகளை அமைத்தார். நம் நாட்டு 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் வண்டிகளின் பின்புறத்தில் சிவப்பு வில்லைகள் வேண்டுமென்கின்றன. சில ரூபாய் விலையுள்ள இவ்வில்லையைத் துடைத்து வைப்பதற்கு எந்தச் சாஸ்திர ஞானமும் வேண்டா.

6. உள்ளிருக்கும் சாதனங்கள்

இழுவண்டியினுள்ளே 10 வாட் விளக்குகள் ஆறு உளவெனின், அவை யாவும் எரியும்போது 5 ஆம்பியர் ஓடும். 60 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதியளவே செலவிடுதல் நன்றாதலின், 6 மணி நேரத்தில் இருப்பு தீரும். 2 வாட் எல்.இ.டி. ஆறு இட்டால், அதே இருப்பு 30 மணி நேரம் வரும். மின்கலத்தை அடுத்து ஃபியூஸ் இடுதல் மறவாதிருக்க வேண்டிய காரியம். மின்கலத்தின் இரு முனைகளும் நேரே இணைந்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பியே நெருப்பாகும். மரச்சுவருள்ள வண்டியில் அதன் விளைவைச் சொல்ல வேண்டா. அமெரிக்க வண்டியாயின், அதன் உட்சாதனங்கள் நம் 230 வோல்ட் மின்சாரத்துக்கு ஏற்றவையல்ல என்பதையும் நினைவிற் கொள்க.

பழைய இழுவண்டிகளிற் காணப்படும் வாயுக் குளிர்பெட்டிக்கு மாணவர் கேட்டு மகிழத்தக்க ஒரு வரலாறு உண்டு. அசையும் உறுப்பு ஒன்றுமின்றி, வெப்பத்தாலேயே குளிர் உண்டாக்கும் இவ்வியந்திரத்தை 1922ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரத்துப் பொறியியற் கல்லூரி மாணவர் இருவர், பிளாட்டன், முன்டர்ஸ் என்போர், கண்டனர். அதனுள்ளே அம்மோனியாக் கரைசல் தன் எடையாலேயே கீழ்நோக்கி வடிந்து சுழல்வதால், வண்டி சாய்ந்து நின்றால் அது வேலை செய்யாது. ஏற்காட்டுச் சரிவில் குளிர்பெட்டி கெட்டதென்று எண்ணுமுன், வண்டி மட்டமாக நிற்கின்றதா என்று பார்க்க வேண்டும்.

சமையல் வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். ஆகையால் வண்டியின் தரையில் வாயு வெளியேறும் துளைகளை அடைத்தலாகாது. பழைய ரப்பர்க் குழாயை மாற்றி, இணைப்புகளைச் சோப்பு நீரால் சோதிக்க வேண்டும். தீக்குச்சியால் சோதித்தல் கூடவே கூடாது.

7. இறங்கும்போது

ஏறுவதினும் இறங்குவதே கடினம். 1,000 கிலோகிராம் எடையுள்ள இழுவண்டி 1,200 மீட்டர் இறங்குங்கால் வெளிவிடும் சக்தி ஏறத்தாழ 1 கோடியே 18 லட்சம் ஜூல். அச்சக்தி முழுதும் வெப்பமாயின், 35 லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இவ்வெப்பத்தைப் பிரேக்கின்மேல் மட்டும் சுமத்தினால் பிரேக் பிடிப்பை இழக்கும். கார் வேகம் குறையும்போது பின்னிருந்து தள்ளும் விசையால் இயங்கும் பிரேக் உள்ள இழுவண்டியில், இறக்கம் முழுவதும் அது அழுந்தியே இருக்கும். ஆகவே தாழ்ந்த கியரில் எஞ்சினாலேயே வேகத்தை அடக்கி, இடையிடையே அகன்ற இடத்தில் நிறுத்தி ஆறவிடுதல் வேண்டும். பழைய பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி, குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவிக்குமிழி உண்டாக்கும். அதனை மாற்றாமல் மலையேறுதல் தகாது. டயர்கள் தேயாதிருப்பினும், பல ஆண்டு நின்று வெடிப்புற்றனவாயின் அவற்றையும் மாற்றுக.

8. முடிவுரை

வேலையின் ஒழுங்கைத் தொகுத்துக் கூறுவோம். முதலில் சக்கரமும் பிரேக்கும். அடுத்து எர்த்தும் கம்பியும். பின்னர் பிளக்கும் இணைப்புகளும். அதன்பின் புதிய விளக்குகள். இறுதியாக உள்ளிருக்கும் வசதிகள். பெரும்பாலோர் இவ்வரிசையைத் தலைகீழாக்கிக் கடைசியிலிருந்து தொடங்குகின்றனர். உள்ளே மெத்தையும் விளக்கும் புதியனவாக, பின்னே இருள் பழையதாகவே நின்றுவிடுகின்றது.

யாவும் முடிந்தபின் ஒரு பரீட்சை எஞ்சியுள்ளது. இருவர் சேர்ந்து செய்க. ஒருவர் காரில் அமர்ந்து பின்விளக்கு, பிரேக், இடம், வலம் என ஒவ்வொன்றாகவும், பிறகு எல்லாவற்றையும் ஒருங்கேயும் இயக்குக. மற்றவர் பின்னே 40 மீட்டர் தள்ளி நின்று நோக்குக. ஒன்றை இயக்கும்போது மற்றொன்று மங்கினால் வேலை முடியவில்லை. பிறகு பிளக்கைக் கையால் அசைத்தும், வண்டியைக் குலுக்கியும் மீண்டும் நோக்குக. பிரயாணத்தின்போது ஒவ்வொரு நாள் காலையிலும் இதனைச் செய்தல் நலம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

இப்பரீட்சையைத் தனியே செய்ய இயலாது என்பதை மாணவர் கவனிப்பாராக. ஓட்டுபவர் தம் ஆசனத்தில் இருந்தபடியே தம் பின்விளக்கைக் காண முடியாது. பின்னே நிற்கும் ஒருவரின் கண்ணால்தான் அதன் நிலையை அறிய வேண்டும். மலைப்பாதையில் அவ்விடத்தில் வரப்போகிறவர் நமக்கு அறிமுகமில்லாதவர். அவர் கண்ணுக்கு என்ன புலப்படும் என்று வீட்டைவிட்டுப் புறப்படுமுன்பே பார்த்துவிடுவது, பாதையைப் பலருடன் பகிர்ந்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் கடமையாகும்.